கிளைபர்ன் கை காட்டினார், பைடன் கரையேறினார்: 2020 தென் கரோலினா பிரைமரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 பிப்ரவரி 26 அன்று காலை, தென் கரோலினா மாநிலத்தின் நார்த் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கல்லூரி மேடையில் ஏறி, தன் ஆதரவு ஜோ பைடனுக்குத்தான் என்று சொன்னார் அந்த மாநிலத்து ஜனநாயகக் கட்சி எம்.பி. ஜிம் கிளைபர்ன். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அதற்கு முன் நடந்த மூன்று மாநிலப் போட்டிகளிலும் பைடன் தோற்றிருந்தார். மூன்று நாள் கழித்துத் தென் கரோலினாவில் பிரமாதமாக ஜெயித்தார். அதற்கடுத்த மூன்றாம் நாள், ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10-ஐப் பிடித்தார்.

அன்று தொட்டு இன்று வரை இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள். "கிளைபர்ன்தான் பைடனை அதிபராக்கினார்" என்பது ஒரு அணி. "அந்த மாநிலம் எப்படியும் பைடனுக்குத்தான், கிழவர் பெயரைத் தட்டிக்கொண்டு போனார்" என்பது இன்னொரு அணி. இரண்டுமே முழுக்கச் சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று கீழே உள்ள பதில்களில் சொல்கிறேன்.

முதலில், பிரைமரி என்றால் என்ன?

அதிபர் தேர்தலில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அமெரிக்காவில் கட்சித் தலைமை உட்கார்ந்து முடிவு செய்து அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உட்கட்சித் தேர்தல்தான் பிரைமரி. ஐயோவா, நெவாடா போன்ற சில இடங்களில் 2020-ல் வாக்குச்சீட்டுக்குப் பதில் ஊர்க்கூட்டம் போல ஒன்றுகூடித் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குக் காக்கஸ் என்று பெயர்.

ஓட்டுகள் நேராக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளாக மாறுகின்றன. 2020-ல் ஜனநாயகக் கட்சியில் இப்படிப் பங்கிட வேண்டிய பிரதிநிதிகள் 3,979 பேர். ஜெயிக்க 1,991 வேண்டும். ஒரு மாநிலத்தில் அல்லது ஒரு தொகுதியில் 15 சதவீதம் ஓட்டு வாங்காதவருக்கு அங்கே ஒரு பிரதிநிதி கூடக் கிடையாது. இந்த 15 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தென் கரோலினாவில் இன்னொரு சங்கதி. அங்கே வாக்காளர்கள் எந்தக் கட்சி என்று பதிந்துகொள்வதே இல்லை. யாரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம், ஒன்றில் மட்டும். அந்த ஆண்டு டிரம்ப் பதவியில் இருந்ததால் குடியரசுக் கட்சி அங்கே தன் பிரைமரியையே ரத்து செய்துவிட்டது. எனவே அந்தப் பக்கத்து ஆட்களும் வந்து இங்கே ஓட்டுப் போட வழி இருந்தது.

ஒரு தலைவர் ஆதரவு அறிவித்தால் அதற்குச் சட்டப்படி என்ன மதிப்பு?

ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் எம்.பி.க்கள், ஆளுநர்கள் போன்றவர்களுக்குச் 'சூப்பர் டெலிகேட்' என்ற பெயரில் மாநாட்டில் தனி ஓட்டு இருந்தது. 2016-ல் ஹிலாரி கிளின்டன், பெர்னி சாண்டர்ஸ் தரப்புகளுக்கு நடுவே நடந்த சண்டைக்குப் பிறகு, 2018-ல் விதியை மாற்றி, முதல் சுற்றில் அந்த ஓட்டைப் பறித்துவிட்டார்கள். ஆக, 2020-ல் கிளைபர்ன் கையில் இருந்தது அவருடைய பெயர் மட்டும்தான்.

அந்தப் பெயருக்கு அவ்வளவு மரியாதை ஏன்? யார் இந்தக் கிளைபர்ன்?

1940-ல் தென் கரோலினாவின் சம்டர் ஊரில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவப் போதகர். 1960-ல் ஆரஞ்ச்பர்க்கில் கல்லூரி மாணவராக இருந்தபோது, இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்களோடு கைதானார். அந்தக் காவலில் பசியோடு இருந்தவருக்கு ஒரு மாணவி ஹாம்பர்கர் கொண்டுவந்தார். அவர் கை நீட்டியதும் அதை இரண்டாகப் பிய்த்து, பாதியைத் தான் வைத்துக்கொண்டு பாதியைக் கொடுத்தார். அந்த மாணவிதான் எமிலி. அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம். கிளைபர்ன் இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பாதி பர்கரில் கூட்டம் சிரித்துவிடும்.

சார்ல்ஸ்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு 1974 முதல் 1992 வரை மாநில மனித விவகார ஆணையர். அதாவது வேலையிலும் வீட்டு வசதியிலும் பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற புகார்களை விசாரிக்கும் பதவி. 1992-க்கு முன் மூன்று முறை தேர்தலில் நின்று மூன்று முறையும் தோற்றார். 1992-ல் நாடாளுமன்றக் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தபோது, 1897-க்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து அங்கே போன முதல் கறுப்பின உறுப்பினர் அவர்தான். 95 ஆண்டு இடைவெளி. பிறகு படிப்படியாக உயர்ந்து, சபையில் பெரும்பான்மைக் கட்சியின் கொறடா ஆனார். 2020-ல் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

கொறடா பதவியை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய மீன் விருந்து. கட்சி நடத்தும் பெரிய விருந்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாத தொண்டர்களுக்காக, பொரித்த மீனும் ரொட்டியும் இலவசமாகப் போட ஆரம்பித்தார். ஆண்டுகள் போகப் போக, அதிபர் ஆசை உள்ள எவரும் அதைத் தவிர்க்க முடியாது என்றானது. 2019 ஜூனில் கொலம்பியா நகரில் நடந்த விருந்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட அதிபர் வேட்பாளர்கள் வந்து, கிளைபர்ன் பெயர் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக மேடையில் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். மீன் தீரும் வரை கூட்டம் கலையாது, அது வேறு விஷயம்.

அப்போது பைடன் நிலைமை என்ன?

பரிதாபம். ஐயோவாவில் நான்காம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம், ஓட்டு சுமார் 8 சதவீதம், பிரதிநிதி ஒருவர் கூட இல்லை. அன்று வாக்கு எண்ணி முடிக்கும் முன்பே மூட்டை கட்டிக்கொண்டு தென் கரோலினாவுக்குப் பறந்துவிட்டார். நெவாடாவில் இரண்டாம் இடம் வந்தார். ஆனால் முதலிடத்தில் இருந்த இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்கு அவரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கையில் பணமும் இல்லை. எதிரே மைக்கேல் புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களை விட்டுவிட்டு, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் டியூஸ்டேவைக் குறிவைத்துச் சொந்தப் பணத்தைக் கோடி கோடியாக விளம்பரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

பலர் மறந்துபோனது ஒன்று உண்டு. பைடன் 1988 தேர்தலுக்கும் 2008 தேர்தலுக்கும் அதிபர் வேட்பாளராக முயன்றவர். மூன்று முயற்சியிலும் சேர்த்து, அன்று வரை ஒரே ஒரு மாநில பிரைமரியில் கூட அவர் ஜெயித்ததில்லை.

அப்படியானால் தென் கரோலினாவில் மட்டும் அவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

அங்கே ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஐயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் ஏறத்தாழ முழுக்க வெள்ளையர் மாநிலங்கள். அந்த இரண்டில் வாங்கிய அடியை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. ஒபாமாவுக்கு எட்டு ஆண்டு துணை அதிபராக இருந்தவர் என்ற பாசம் இந்த மாநிலத்தில் பைடனுக்கு இருந்தது. கருத்துக்கணிப்புகளில் ஆரம்பம் முதல் அவர்தான் முன்னிலை.

ஆனால் பிப்ரவரியில் அந்த முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. கோடீஸ்வரர் டாம் ஸ்டெயர் அந்த மாநிலத்தில் மட்டும் விளம்பரத்துக்கு 2 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து, கறுப்பின ஓட்டில் கை வைத்திருந்தார். சாண்டர்ஸும் நெருங்கி வந்தார். 'ஜெயிக்க மாட்டார் போலிருக்கே, இவருக்கு ஓட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?' என்ற சந்தேகம் வந்துவிட்டால் பாசம் எவ்வளவு இருந்தாலும் ஓட்டாக மாறாது. கிளைபர்ன் வாய் திறந்தது அந்த நேரத்தில்.

அவர் ஏன் கடைசி வரை வாய் திறக்கவில்லை?

பழைய சூடு ஒன்று உண்டு. 2008-ல் ஒபாமா, ஹிலாரி மோதலில் அவர் இருவருக்கும் பொதுவாக இருந்தார். தென் கரோலினாவில் ஒபாமா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த இரவு, இரண்டு மணிக்கு பில் கிளின்டன் போனில் அழைத்து, தோல்விக்கு நீதான் காரணம் என்று கத்தியதாகக் கிளைபர்னே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பொதுவாக இருந்ததற்கே அந்த மரியாதை! ஒபாமாவுக்கு ஆதரவு என்று அவர் பகிரங்கமாகச் சொன்னது ஜூன் 3 அன்று, ஆட்டம் முடிகிற நாளில். 2016-ல் மாறினார், பிரைமரிக்கு எட்டு நாள் முன்பு ஹிலாரிக்கு ஆதரவு சொன்னார். ஹிலாரி 73 சதவீதத்துக்கும் மேல் வாங்கினார்.

2020-ல், தன் மாநிலத்தில் எல்லா வேட்பாளர்களும் வந்து பிரசாரம் செய்யட்டும் என்று மதில்மேல் இருந்தார். ஆனால் மனதுக்குள் முடிவு எப்போதோ ஆகிவிட்டது. மனைவி எமிலி 2019 செப்டம்பரில் காலமானார். டிரம்பைத் தோற்கடிக்க பைடன்தான் பொருத்தமான ஆள் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்புறம் அந்த தேவாலய சம்பவம். பிரைமரிக்குச் சில நாள் முன்பு, தன் கணக்குகளைப் பல காலம் பார்த்துவந்தவரின் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி விரலை மடக்கி அருகே அழைத்தார். 'யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள்? மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றால் குனிந்து என் காதில் சொல்லுங்கள்' என்றார். கிளைபர்ன் குனிந்து சொன்னார். 'நான் கேட்கக் காத்திருந்தது இதைத்தான், ஊரே கேட்கக் காத்திருக்கிறது' என்று பதில் வந்தது. இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது அப்போதுதான் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அரசியல்வாதி சொல்லும் கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். அந்த மூதாட்டிக்குப் பைடனைத் தெரியாமல் இல்லை. தான் நினைப்பதைத்தான் ஊரும் நினைக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மேடையில் அப்படி என்ன பேசினார்?

கொள்கை விளக்கமெல்லாம் இல்லை. மனைவியை நினைத்துப் பேசும்போது குரல் தழுதழுத்தது. எல்லோரும் இன்று வரை மேற்கோள் காட்டும் வரிகள் மூன்று: "எனக்கு ஜோவைத் தெரியும். நமக்கு ஜோவைத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்."

கடைசி வரியில்தான் காரியம் இருக்கிறது. 'நான் சொல்கிறேன், போடுங்கள்' என்ற தொனி எங்கும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே பாதி மனதாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, மீதிப் பாதிக்கு மட்டும் தைரியம் சொல்கிற பேச்சு அது. பக்கத்தில் நின்றிருந்த பைடனின் கண்ணும் கலங்கியிருந்தது.

பதிலுக்குப் பைடன் என்ன கொடுத்தார்? சும்மா யாராவது ஆதரவு தருவார்களா?

கேட்டது உச்ச நீதிமன்றம். கறுப்பினப் பெண் ஒருவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிப்பேன் என்று பைடன் பகிரங்கமாக வாக்களிக்க வேண்டும் என்று கிளைபர்ன் வற்புறுத்திவந்தார். முதல் நாள், அதாவது பிப்ரவரி 25 அன்று, சார்ல்ஸ்டனில் வேட்பாளர்கள் விவாதம். பாதி விவாதம் போயும் பைடன் அதைச் சொல்லவில்லை. இடைவேளையில் கிளைபர்ன் மேடைக்குப் பின்னால் போய் நினைவூட்டினார் என்று செய்தியாளர்கள் பிறகு எழுதினார்கள். விவாதம் முடியும் தறுவாயில், வேறு எதையோ கேட்டதற்குப் பதில் சொல்லும் சாக்கில், பைடன் அந்த வாக்குறுதியை உள்ளே நுழைத்துவிட்டார். மறுநாள் காலை ஆதரவு அறிவிப்பு.

பேச்சைச் சுருக்கு என்ற அறிவுரையும் கூடவே போனது. பைடன் வளவளவென்று பேசுகிறவர். போதகர் வீட்டுப் பிள்ளையான கிளைபர்ன் சொன்னது: எதையும் மூன்றாகச் சொல், இது உனக்கு என்ன செய்யும், உன் குடும்பத்துக்கு என்ன செய்யும், உன் ஊருக்கு என்ன செய்யும்.

வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. 2022 பிப்ரவரி 25 அன்று, சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில், கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சனைப் பைடன் நியமித்தார். ஏப்ரல் 7 அன்று செனட் 53-க்கு 47 என்று ஒப்புதல் தந்தது. கிளைபர்ன் விரும்பியது தன் மாநிலத்து நீதிபதி மிஷெல் சைல்ட்ஸை. அது நடக்கவில்லை. பேரம் என்று இதை முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நாடே பார்க்கும் தொலைக்காட்சி விவாதத்தில், எல்லோர் காதிலும் விழும்படி போட்ட பேரம் இது. திரைமறைவில் வாரியப் பதவி கேட்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

உண்மையில் எத்தனை ஓட்டு நகர்ந்தது?

நேராகச் சொல்லிவிட முடியாத கேள்வி. தெரிந்த எண்களைப் பார்ப்போம். பிப்ரவரி 29 அன்று ஏறத்தாழ 5.4 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2016-ல் 3.7 லட்சம்தான். பைடனுக்கு 48.6 சதவீதம், சாண்டர்ஸுக்கு 19.8, ஸ்டெயருக்கு 11 சொச்சம். மாநிலத்தின் 46 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) பைடனே முதலிடம். பிரதிநிதிகள் பைடனுக்கு 39, சாண்டர்ஸுக்கு 15.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், ஏறக்குறைய பாதிப் பேர் கிளைபர்னின் ஆதரவு தங்கள் முடிவில் முக்கியமான காரணம் என்றார்கள். இந்த எண்ணைத்தான் முதல் அணி தூக்கிப் பிடிக்கிறது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. பைடனுக்குத்தான் என்று ஆறு மாதம் முன்பே முடிவெடுத்தவரிடமும் 'கிளைபர்ன் சொன்னது முக்கியமா?' என்று கேட்டால் 'ஆமாம், பின்னே?' என்றுதான் சொல்வார். முக்கியம் என்று சொன்னவர்கள் எல்லோரும் மனம் மாறியவர்கள் அல்ல.

இன்னொரு பக்கம், தயங்கி நின்ற ஓட்டு நிறைய இருந்தது என்பதும் உண்மை. கடைசி வாரக் கணிப்புகள் பலவற்றில் வித்தியாசம் ஒற்றை இலக்கத்திலோ பத்துப் பதினைந்திலோ இருந்தது. பெட்டியைத் திறந்தபோது 29. ஆக என் கணக்கு இது: கிளைபர்ன் இல்லாவிட்டாலும் பைடன் அங்கே ஜெயித்திருப்பார். ஆனால் சின்ன வெற்றியாக இருந்திருக்கும்.

பத்தோ இருபத்தொன்பதோ, வெற்றி வெற்றிதானே?

இல்லை. இந்தக் கதையில் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது, காலண்டரைப் பாருங்கள்.

சனிக்கிழமை, பிப்ரவரி 29: தென் கரோலினா. அடுத்த செவ்வாய், மார்ச் 3: சூப்பர் டியூஸ்டே. ஒரே நாளில் 14 மாநிலங்கள், மொத்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு. இடையில் இருப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் விளம்பரம் தயாரிக்கவோ, பணம் திரட்டவோ, அலுவலகம் திறக்கவோ நேரமில்லை. போட்டியிலிருந்து விலக மட்டும்தான் நேரமிருக்கிறது.

விலகினார்கள். சனி இரவே ஸ்டெயர். ஞாயிறு பீட் புட்டிஜெஜ், ஐயோவாவில் முன்னணிக்கு வந்தவர். திங்கள் ஏமி குளோபுச்சர். திங்கள் இரவே புட்டிஜெஜும் குளோபுச்சரும் டல்லாஸுக்கு வந்து பைடன் பக்கம் நின்றார்கள். போட்டியிலிருந்து முன்பே விலகியிருந்த டெக்சாஸ்காரர் பீட்டோ ஓ'ரூர்க்கும் சேர்ந்துகொண்டார். பைடன் பத்துப் புள்ளியில் தட்டுத்தடுமாறி ஜெயித்திருந்தால், 'நானும் செவ்வாய் வரை பார்க்கிறேனே' என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். 29 புள்ளி அந்தச் சாக்கை எடுத்துவிட்டது.

செவ்வாய் இரவு 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. குளோபுச்சரின் சொந்த மாநிலமான மினசோட்டா, இன்னும் போட்டியில் இருந்த எலிசபெத் வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸ் இரண்டும் அதில் அடக்கம். இரண்டிலும் பைடன் சரியாகப் பிரசாரம் கூடச் செய்யவில்லை. டெக்சாஸும் அவருக்கே. கலிஃபோர்னியா, கொலராடோ, யூட்டா, வெர்மான்ட் சாண்டர்ஸுக்கு. மறுநாள் புளூம்பெர்க் விலகினார். கொட்டிய பணத்துக்கு அவர் முதலிடம் வந்த ஒரே இடம் அமெரிக்கன் சமோவா, பசிபிக் கடலில் ஒரு தீவுக்கூட்டம்.

15 சதவீத விதியை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மிதவாதிகள் ஓட்டைப் பிரித்திருந்தால் பல மாநிலங்களில் அவர்களில் சிலர் 15-ஐத் தொடாமல் போயிருப்பார்கள், 30 சதவீதம் வாங்குகிற சாண்டர்ஸ் பிரதிநிதிகளை அள்ளியிருப்பார்.

இது கட்சி மேலிடம் சாண்டர்ஸுக்கு எதிராகச் செய்த சதி என்கிறார்களே?

சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் ஆத்திரம் புரிகிறது. முதல் மூன்று மாநிலங்களிலும் அதிக ஓட்டு வாங்கியது அவர்தான். ஐயோவாவில் பிரதிநிதி கணக்கில் புட்டிஜெஜ் ஒரு மயிரிழை முன்னே, அதுவும் ஒரு செயலி சொதப்பி முடிவு நாள்கணக்கில் தாமதமானதால் வெற்றியைக் கொண்டாடக் கூட முடியவில்லை. இப்படி முன்னே ஓடிக்கொண்டிருந்தவரை மூன்றே நாளில் எல்லோரும் சேர்ந்து மடக்கினால் கோபம் வராதா? புட்டிஜெஜ் விலகிய இரவு ஒபாமா அவரிடம் பேசினார் என்ற செய்தியும் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

ஆனால் சதி என்பது ஓட்டை மாற்றுவது. இங்கே வேட்பாளர்கள் விலகினார்கள், வாக்காளர்கள் ஓட்டுப் போட்டார்கள். சாண்டர்ஸ் தரப்பின் திட்டம் எதிரிகள் பிரிந்தே கிடப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. 2016-ல் அதே தென் கரோலினாவில் அவருக்குக் கிடைத்தது 26 சதவீதம். நான்கு ஆண்டு கழித்து அது ஏறவில்லை, இறங்கியிருந்தது. கிளைபர்னிடம் ஆதரவு கேட்டீர்களா என்று சூப்பர் டியூஸ்டேக்கு மறுநாள் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டபோது, அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் அரசியல் வேறு, என் அரசியல் வேறு, எனக்குத் தர வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட்டார். இருக்கலாம். ஆனாலும் கேட்காமல் இருப்பது ஒரு வழக்கமா? ஆதரவு கிடைக்காவிட்டாலும் பகை குறைந்திருக்கும்.

இளைஞர்களும் கிளைபர்ன் பேச்சைக் கேட்டார்களா?

அவ்வளவாக இல்லை. 30 வயதுக்குக் கீழே சாண்டர்ஸ்தான் முன்னிலை. ஆனால் பிரைமரிக்கு வரிசையில் நிற்பவர்களில் அவர்கள் சிறு பங்கு.

கமலா ஹாரிஸ் இதில் எங்கே வருகிறார்?

அவர் பிரைமரி தொடங்கும் முன்பே, 2019 டிசம்பர் 3 அன்று, பணம் தீர்ந்து விலகிவிட்டார். 2019 ஜூன் விவாதத்தில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க அவர்களைப் பேருந்தில் வேறு பள்ளிக்கு அனுப்பும் பழைய விவகாரத்தில் பைடனை வறுத்தெடுத்தவர் அவர். பைடனுக்கு அவர் ஆதரவு சொன்னது 2020 மார்ச் 8, காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு. ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளர் ஆனார். அம்மா சியாமளா கோபாலன் சென்னைக்காரர் என்பதால், தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊரான மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கோயில் பூஜையும் பட்டாசும் அமர்க்களப்பட்டது நினைவிருக்கும்.

2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகி ஹாரிஸைக் கை காட்டினார். அன்றே கிளைபர்னும் ஹாரிஸுக்கு ஆதரவு சொன்னார். அன்று கிளைபர்னுக்கு 84-வது பிறந்தநாள். ஆனால் அதைப் பிரைமரி ஆதரவோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. எல்லா மாநிலமும் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு, பிரதிநிதிகளைப் பார்த்துச் சொன்ன ஆதரவு அது. மறுநாள் இரவுக்குள் தேவையான பிரதிநிதிகள் ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள்.

பெரிய தலைவர் கை காட்டினால் எப்போதும் பலிக்குமா?

பலித்ததை விடப் பலிக்காததுதான் சுவாரசியம். 2003 டிசம்பரில், நியூயார்க்கின் ஹார்லெமில், முன்னாள் துணை அதிபர் அல் கோர் ஹோவர்ட் டீனுக்கு ஆதரவு அறிவித்தார். அப்போது டீன்தான் முன்னணி. ஆட்டம் முடிந்தது என்று எழுதினார்கள். 2000-ல் கோரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜோ லீபர்மனும் அந்தப் போட்டியில் இருந்தார். அவருக்கே சங்கதி செய்தியாளர்கள் மூலம்தான் தெரிந்தது. ஆறு வாரம் கழித்து ஐயோவாவில் டீன் மூன்றாம் இடம்.

2008-ல் டெட் கென்னடி ஒபாமாவைக் கை காட்டியபோது நாடே அதிர்ந்தது. ஆனால் எட்டு நாள் கழித்து கென்னடியின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் ஜெயித்தது ஹிலாரி. மாநிலத்தின் இன்னொரு செனட்டரும் ஆளுநரும் கூட ஒபாமா பக்கம்தான் நின்றார்கள்.

குடியரசுக் கட்சியில் டிரம்பின் கை ராசி வேறு ரகம். 2022-ல் ஒஹாயோ செனட் பிரைமரியில் பின்தங்கிக் கிடந்த ஜே.டி.வான்ஸை ஏப்ரல் நடுவில் கை காட்டினார், மே 3 அன்று வான்ஸ் ஜெயித்தார். இன்று அவர் துணை அதிபர். அதே மாதம் ஜார்ஜியாவில், தான் வெறுத்த ஆளுநர் பிரையன் கெம்புக்கு எதிராக டேவிட் பெர்டியூவை நிறுத்தினார். கெம்ப் 50 புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் ஊதித் தள்ளிவிட்டார். பதவியில் இருக்கிற, ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து வரும் ஆதரவால் அசைப்பது கஷ்டம். பல பேர் முட்டி மோதி, யாரும் தனித்துத் தெரியாத இடத்தில் அதே ஆதரவு அம்பு போலப் பாயும்.

பணம் கொடுத்து ஆதரவு வாங்குவது உண்டா?

உள்ளூர்ப் பிரமுகர்களை 'ஆலோசகர்' என்று சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான், தென் கரோலினாவில் அது பழைய வழக்கம். ஸ்டெயர் பிரசாரத்தில் இது பெரிய சர்ச்சையானது. இவ்வளவு செலவழித்தும் பிரதிநிதி கணக்கில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 11 சதவீதம், 15-க்குக் கீழே.

2020-க்குப் பிறகு கிளைபர்ன் கை காட்டியவர்கள் எல்லோரும் ஜெயித்தார்களா?

2021-ல் ஒஹாயோவின் 11-வது தொகுதி இடைத்தேர்தல் பிரைமரியில், சாண்டர்ஸின் நெருங்கிய சகாவான நீனா டர்னருக்கு எதிராக ஷான்டெல் பிரவுனை ஆதரித்தார். பிரவுன் ஜெயித்தார். 2022-ல் டெக்சாஸில் எம்.பி. ஹென்றி குயேயாருக்காகப் பிரசாரம் செய்தார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு குயேயார் ஜெயித்த வித்தியாசம் 289 ஓட்டு.

2025 ஜூனில் நியூயார்க் மேயர் பிரைமரியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவுக்கு ஆதரவு சொன்னார். எதிரே 33 வயது சோரான் மம்தானி. அவருக்கு சாண்டர்ஸும் இடதுசாரி எம்.பி. அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் ஆதரவு. அங்கே வாக்காளர் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம் என்பதால், போட்டியாளரான பிராட் லேண்டரும் மம்தானியும் 'எனக்கு முதல் இடம், அவருக்கு இரண்டாம் இடம்' என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். தென் கரோலினாவில் ஊரே காதைத் தீட்டிக் கேட்ட குரல், ப்ரூக்ளின் தெருக்களில் பத்தோடு பதினொன்றாகப் போனது. மம்தானி ஜெயித்தார்.